மலைக்குப் போகிறீர்களா? மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்!

கோடை விடுமுறை வந்தால் மலைக்குப் போகிறவர்கள் கூட்டம் அதிகமாகிவிடுகிறது.

முன்பெல்லாம் கொடைக்கானலுக்குப் போனால் ஏரியைச் சுற்றிப் பார்ப்பார்கள். படகில் ஒரு சவாரி. பிறகு வீடு திரும்புவார்கள். இப்போது அதோடு முடிவதில்லை. மலைப்பாதையில் நடக்கிறார்கள். கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளும் "நாமும் போவோம்" என்று கேட்கிறார்கள்.

போகலாம். உடம்புக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. ஆனால் என்னென்ன எடுத்துக்கொண்டு போவது?

கடைக்குப் போனால் தலை சுற்றும். அங்கே இருக்கும் எல்லாமே "கட்டாயம் வேண்டும்" என்பார் கடைக்காரர். எல்லாவற்றையும் வாங்கினால் பணமும் போகும், சுமக்கவும் முடியாது.

முதலில் காலுக்குச் செலவு செய்யுங்கள். அடுத்து, உடம்பில் படும் துணிக்கு. அதற்கு அடுத்து, படுக்கும் பாய்க்கு. கூடாரம் கடைசி. பலர் கூடாரத்தை முதலில் வாங்கிவிட்டு, காலுக்கு வீட்டில் கிடக்கும் பழைய செருப்பே போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

கீழே சித்திரை, மேலே மார்கழி!

வத்தலக்குண்டில் வெயில் கொளுத்துகிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த வெயிலில் நின்றுகொண்டு பையில் துணி அடுக்குகிறவருக்குக் கம்பளிச் சட்டை நினைவுக்கு வருமா? வராது.

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6½ டிகிரி குறைகிறது. கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தைவிட அங்கே 12 டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். இது பகல் கணக்கு. மே மாதத்திலும்கூட இரவில் 15 டிகிரிக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். கோடை மழையில் நனைந்து, அதன்மேல் காற்றும் அடித்தால், அந்தக் குளிரே ஆளை நடுநடுங்க வைத்துவிடும். பேச்சு குழறும். நடை தள்ளாடும். உயிருக்கே ஆபத்து ஆகலாம். பனி பெய்கிற ஊரில்தான் குளிரால் ஆபத்து என்று நினைக்கவேண்டாம்.

கால் போனால் எல்லாம் போச்சு

1953-ம் ஆண்டு மே 29-ந் தேதி. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் சிகரத்துக்குப் புறப்படவேண்டிய காலைப் பொழுது. இரவு கழற்றி வைத்த ஹிலாரியின் பூட்ஸ் உறைந்து கல்லாகிக் கிடந்தது. கால் நுழையவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, பூட்சை அதன்மேல் காட்டிக் காட்டி இளக வைத்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அதிலேயே போயிற்று. டென்சிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் பூட்சைக் கழற்றாமலே படுத்திருந்தார்!

உலகத்திலேயே உயர்ந்த சிகரத்துக்குப் போகிறவரையும் காலணி இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தது. நாம் எம்மாத்திரம்?

காலணி வாங்கக் காலையில் போகாதீர்கள். மாலையில் போங்கள். பகல் எல்லாம் நடந்த பிறகு கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். மலையில் நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். மலையில் போடப்போகிற அதே காலுறையைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். கயிற்றைக் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் இருக்கவேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால், ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும்! ஒவ்வோர் அடிக்கும் கால் முன்னே சரிந்து பெருவிரல் இடிக்கும். இரண்டு மணி நேரத்தில் நகம் கறுத்துவிடும். புறப்படுவதற்கு முன்பே கால் நகத்தை வெட்டிவிடுங்கள்.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆழமான வெட்டுகள் இருக்கவேண்டும். வழவழவென்று இருந்தால் ஈரப்பாறையில் சறுக்கும். பகல் நடைக்குக் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் இலேசான காலணி போதும். பாரம் சுமந்துகொண்டு, கல் நிறைந்த பாதையில் போவதானால் கணுக்காலை மூடும் பூட்ஸ் நல்லது.

புதுக் காலணியோடு மலைக்குப் போவது கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கி, காய்கறிக் கடைக்கும் கோவிலுக்கும் அதிலேயே போய் வாருங்கள். எங்கே கடிக்கிறது என்பது ஊரிலேயே தெரிந்துபோகும்.

"மலையில் இருக்கிறவர்கள் வெறுங்காலோடு ஓடுகிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் நடை பழகிய நாளில் இருந்தே அந்தப் பாறையில் நடப்பவர்கள். நாம் சிமெண்டுத் தரையில் நடந்து பழகியவர்கள். இரண்டும் ஒன்றாகுமா?

காலுறை பருத்தியாக இருந்தால் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். ஈரத்தில் தோல் ஊறும், உராயும், கொப்புளம் வரும். கம்பளி கலந்த காலுறை நல்லது. இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று காலில், ஒன்று பையில். கோடை மழை பெய்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்டைகள் வந்துவிடும். அதற்கென்றே முழங்கால்வரை வரும் நெருக்கமான துணி உறை கிடைக்கிறது. காலுறைக்கு மேல் அதைப் போட்டுக் கட்டினால் அட்டை உள்ளே நுழைய முடியாது.

எந்தத் துணி?

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதியை மறக்க முடியாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கம் இருந்து இறங்கி வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். பலர் இளம் வயதினர். மலையைப் பார்க்கப் போன பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இன்றும் இருக்கின்றன.

காய்ந்த புல்லில் தீ பிடித்தால், அது மேட்டை நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும். அந்தத் தீக்கு முன்னால் எந்தத் துணியும் எந்தப் பையும் காப்பாற்றாது. ஆகவே துணிக்கு முன்னால் பார்க்கவேண்டியது காலம். மழை இல்லாமல் புல் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும் மாதங்களில் மலைக்காட்டுக்குள் போகக்கூடாது. பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுவரை தீ பயம் மிக அதிகம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் எந்த மாதத்திலும் போகக்கூடாது. 2024-ம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறையே 40 மலைப்பாதைகளை ஏற்பாடு செய்து, வழிகாட்டியோடு அழைத்துப்போகும் திட்டத்தைத் தொடங்கியது. 2025-ல் தீக்காலம் வந்ததும் அந்தப் பாதைகளையும் மூடினார்கள். மூடியிருக்கும் பாதையில் "நான் காட்டுகிறேன், வாருங்கள்" என்று யாராவது கூப்பிட்டால், பணம் மிச்சம் என்று பின்னால் போகவேண்டாம்.

இனி துணிக்கு வருவோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. நைலான், பாலியெஸ்டர் துணிகள் இலேசானவை. நனைந்தால் சீக்கிரம் உலரும். கடைகளில் மலை உடை என்று விற்பது பெரும்பாலும் இவைதான். ஆனால் நெருப்புப் பட்டால் இவை உருகும். உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி எரியும், உருகாது. ஆனால் பருத்தி நனைந்துவிட்டால் உலர நேரம் ஆகும். உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது. நனைந்தாலும் ஓரளவு சூடு கொடுக்கும். விலைதான் அதிகம், பாரமும் கூட.

என்ன செய்வது? பகலில் வெயிலில் நடக்கும்போது, தொளதொளப்பான, முழுக்கை வைத்த மெல்லிய சட்டை போதும். முழுக்கால் சட்டை வேண்டும். அரைக்கால் சட்டை படத்துக்கு அழகு. முள்ளுக்கும் அட்டைக்கும் விருந்து. இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லாய். படுக்கும்போது மாற்றிக்கொள்ள, நனையவே நனையாத ஒரு ஜோடித் துணியை பிளாஸ்டிக் பையில் சுற்றித் தனியாக வையுங்கள். பகலில் எவ்வளவு ஆசை வந்தாலும் அதைத் தொடக்கூடாது. கனமான ஒரே கோட்டைவிட, மெல்லியதாக இரண்டு மூன்று துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், குளிர்ந்தால் போடலாம்.

மழைச்சட்டை கோடையில் எதற்கு என்று கேட்காதீர்கள். கோடை மழை இடி மின்னலோடு மாலையில் வரும். குடை உதவாது. காற்றில் திரும்பிக்கொள்ளும். மின்னலில் குடைக்கம்பியைத் தூக்கிப் பிடிப்பதும் ஆபத்து. தொப்பி வைத்த மழைச்சட்டை வாங்குங்கள். தையல்களின் உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் நுழைவது தையல் துளைகளில்தான்.

கூடாரமும் பாயும்

"மூன்று பேர் கூடாரம்" என்று எழுதியிருந்தால் இரண்டு பேர் படுக்கலாம் என்று பொருள். மூன்றாவது ஆள் மூட்டைகள்! இரண்டு உறை உள்ள கூடாரமாக வாங்குங்கள். இரவு முழுவதும் நாம் விடும் மூச்சில் உள்ள ஈரம், ஒற்றை உறைக் கூடாரத்தில் உட்பக்கமாகத் துளித்து நம்மேலேயே விழும். பலர் இதை மழை ஒழுகுகிறது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை போகிறவர்கள் கூடாரம் வாங்கவே வேண்டாம். வாடகைக்குக் கிடைக்கிறது. கொண்டுபோவதற்கு முன்னால் மொட்டைமாடியில் ஒரு முறை அடித்துப் பாருங்கள். கம்பு குறைகிறதா, ஜிப்பு ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். நம் உடம்பு அழுத்தும் இடத்தில் போர்வையின் பஞ்சு நசுங்கிவிடும். பஞ்சுக்குள் இருக்கும் காற்றுதான் குளிரைத் தடுப்பது. அது நசுங்கினால் தரையின் குளிர் நேராக முதுகில் ஏறும். நம் பெரியவர்கள் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் படுத்தது சும்மா இல்லை. இப்போது சுருட்டி எடுத்துப்போக நுரைப்பாய் கிடைக்கிறது. பாரமும் இல்லை, விலையும் அதிகம் இல்லை.

கூடாரம் என்பது துணி. சுவர் அல்ல. 2021-ம் ஆண்டு ஜனவரியில் கேரள மாநிலம் வயநாட்டில், மேப்பாடிப் பகுதியில் கூடாரத்தில் தங்கப் போன ஓர் இளம் பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. ஆகவே அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் தங்குங்கள். ஓடைக்கரை அழகாகத்தான் இருக்கும். ஆனால் யானை தண்ணீர் குடிக்க வரும் வழியும் அதுதான். மரத்தடியில் தனியாகவும், மேட்டின் உச்சியிலும் கூடாரம் அடிக்கவேண்டாம். மின்னல் அங்கேதான் தேடி வரும்.

தண்ணீரும் தீனியும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மலை ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் வேண்டியிருக்கும். ஆகவே ஓர் ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் ஓடை இருந்தால் குளோரின் மாத்திரை போட்டு, அரை மணி நேரம் வைத்திருந்து குடிக்கலாம். ஓடை தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடிக்கவேண்டாம். மேலே எங்கே மாடு நிற்கிறதோ, யார் கண்டது?

வியர்வை அதிகம் போனால் தலை கிறுகிறுக்கும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து குடிக்கலாம். அளவு தவறக்கூடாது. உப்பையும் சர்க்கரையையும் வீட்டிலேயே அளந்து பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்.

காட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. ஒரு பொறி போதும்! சமைக்காத சாப்பாடுதான் நல்லது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, அவல், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். நம் வீட்டுப் பெண்கள் ரயில் பயணத்துக்குக் கட்டித்தரும் சாப்பாடு மலைக்கும் சரியாகப் பொருந்துகிறது.

மீதிச் சாமான்கள்

தலையில் கட்டும் பேட்டரி விளக்கு வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கும். கைப்பேசி விளக்கை நம்பினால் விளக்கும் போகும், பேசவும் வழி இருக்காது. இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்ற ஒரு கம்பு. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியே போதும். விலை உயர்ந்த தடி வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு விசில். குழந்தைகள் கழுத்தில் கட்டாயம் மாட்டுங்கள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று, மூன்று முறை ஊதவேண்டும். நிறுத்திவிட்டு மறுபடி மூன்று முறை. கத்தினால் தொண்டை கட்டிவிடும், விசில் கட்டாது.

பை எவ்வளவு கனக்கலாம்? உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 12 கிலோ. குழந்தைகளுக்கு அவர்கள் தண்ணீரும் மழைச்சட்டையும் போதும். இடுப்பில் பட்டை கட்டும் பையாகப் பாருங்கள். பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்காரும். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கவேண்டும்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பையை நிரப்பி மாட்டிக்கொண்டு, அதே காலணியோடு மாடிப்படியில் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு மூட்டையைத் தரையில் பிரித்து வைத்து, "இது இல்லாமல் இரண்டு நாள் இருக்க முடியாதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முடியும் என்பதை எல்லாம் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். மழைச்சட்டை, கம்பளி, விளக்கு, விசில் ஆகிய நான்கிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டாம்.