எறும்பு எனப் பெயர் பெற்ற ஆட்டக்காரர்

உதைபந்தாட்டத்தில் பந்து எங்கே செல்கின்றதோ அங்கேயே பார்ப்போரின் கண்ணும் செல்லும். கோல் அடித்தவரின் பெயர் மறுநாட் பத்திரிகையிற் பெரிய எழுத்தில் வரும். பந்தை எதிரணியினர் பறித்தவுடன் பின்னோக்கி ஓடி, தம் பக்கத்துக் காவலருக்குத் துணை நின்றவரை எவரும் எண்ணுவதில்லை. அந்த ஓட்டத்தையே தமது தனித்திறனாகக் கொண்ட ஒருவர், பின்னாளில் உலகம் வியந்த குழுவொன்றைப் பயிற்றுவித்தார். பிரேசில் நாட்டு மாரியோ ஸகாலோ என்பவரே அவர்.

1931ஆம் ஆண்டிற் பிறந்த ஸகாலோ, 18 வயதில் இராணுவ சேவையில் இருந்தார். 1950 யூலை 16ஆந் திகதி றியோ டி ஜெனீரோ நகரின் மரக்கானா அரங்கில், உலகக் கிண்ணத்தை முடிவு செய்யும் ஆட்டத்திற் பிரேசில் உருகுவேயிடம் 2-1 எனத் தோற்றது. அன்று அவ்வரங்கிற் காவற் கடமையில் நின்ற படைவீரருள் அவரும் ஒருவர். நாடு முழுவதும் துயருற்ற அந்நாளை அவர் வாழ்நாள் முழுவதும் நினைவு கூர்ந்தார்.

எட்டாண்டுகளின் பின் சுவீடனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அவரே பிரேசிலின் இடப்புற முன்னணி ஆட்டக்காரர். இங்கு நேயர்கள் ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். அக்காலப் பிரேசில் குழு பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் இருவர், முன்களத்தில் நால்வர் என அணிவகுத்தது. எதிரணியினரிடம் பந்து சென்றால், பரந்த நடுக்களத்தை இருவரே காக்க வேண்டிய இடர்ப்பாடு இதில் உண்டு. ஸகாலோ முன்களத்திலிருந்து இறங்கி மூன்றாமவராக நின்று அக்குறையைத் தீர்த்தார். ஓயாத உழைப்பினால் 'சிற்றெறும்பு' என்னும் பட்டப்பெயரும் பெற்றார். இறுதியாட்டத்திற் சுவீடனை 5-2 என வென்றபோது ஒரு கோலும் அடித்தார். 1962இற் சிலி நாட்டிலும் கிண்ணம் வென்ற குழுவில் இடம்பெற்றார்.

ஆட்டத்தை விட்டபின் தாம் ஆடிய பொட்டாபோகோ கழகத்திற் பயிற்றுநரானார். 1970 மார்ச்சு மாதத்தில், உலகக் கிண்ணப் போட்டிக்கு மூன்று மாதங்களும் இல்லாத வேளையில், தேசியக் குழு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெலே, ஜெர்சன், றிவெலினோ, டொஸ்ராவ், ஜயர்சினோ ஆகிய ஐவரும் தத்தம் கழகங்களில் ஆட்டத்தின் அச்சாணியாக விளங்கியவர்கள். இத்தனை பேரை ஒரே குழுவில் ஆடச்செய்தல் இயலுமா என்னும் ஐயம் எழுந்தது. ஸகாலோ எவரையும் விலக்கவில்லை. கடமைகளையே மாற்றி வகுத்தார். றிவெலினோவை இடப்புறத்தில் நிறுத்தி, தாம் முன்பு செய்தது போலவே நடுக்களத்துக்கு உதவச் செய்தார். நடுக்களத்தவரான பியாசாவைப் பின்களத்துக்கு மாற்றினார். பந்தை இழந்தால் யாவரும் பின்வாங்கிக் காத்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

அவ்விதியின் பயனை மெக்சிக்கோவில் நடந்த இறுதியாட்டத்திற் காணலாம். இத்தாலிக்கு எதிரான நான்காவது கோலைத் தலைவர் கார்லோஸ் அல்பேர்ட்டோ அடித்தார். ஆயினும் அதன் தொடக்கம், முன்கள வீரரான டொஸ்ராவ் தம் பின்களம்வரை ஓடிவந்து பந்தை மீட்டதிலேயே உள்ளது. 4-1 என்ற அவ்வெற்றியினால், ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் உலகக் கிண்ணம் வென்ற முதல்வரானார் ஸகாலோ.

பின்னர் அவர் தோல்விகளையும் கண்டார். 1974இற் பிரேசில் நான்காம் இடத்தையே பெற்றது. 1990 உலகக் கிண்ணப் போட்டிக்கு ஐக்கிய அரபு அமீரகம் தகுதிபெற வழிகாட்டியும், போட்டிக்கு முன்னரே பதவியிழந்தார். 1994இல் ஒருங்கிணைப்பாளராக நின்று நான்காம் முறை கிண்ணத்தின் வெற்றியிற் பங்கு கொண்டார். 1998இல் அவர் பயிற்றுவித்த குழு இறுதியாட்டத்திற் பிரான்சிடம் 3-0 எனத் தோற்றது.

2024 சனவரி 5ஆந் திகதி, 92ஆம் வயதில் அவர் காலமானார். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் கிண்ணம் வென்ற இரண்டாமவரான ஜெர்மனியின் பெக்கன்பவரும் இரு நாட்களின் பின் மறைந்தார். தாம் செய்து பழகிய வேலையையே ஸகாலோ பிறரிடமும் கேட்டார். ஆதலாற் புகழ்மிக்க வீரரும் அதனைத் தாழ்வாகக் கருதாது செய்தனர்.