கண்ணாடியில் விளையும் படலம்

செங்கல்பட்டுக்கு வடக்கே, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலையை 2024 ஜனவரியில் திறந்தார்கள். ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்கு சோலார் பேனல் செய்யக்கூடிய ஆலை. மொட்டைமாடிகளில் நாம் பார்த்துப் பழகிய சிலிக்கான் பேனல் அல்ல இது. கண்ணாடியின்மேல் காட்மியம் டெலுரைடு என்ற சேர்மம் சுமார் 3 மைக்ரான் கனத்துக்குப் படிந்திருக்கும். சிலிக்கான் தகடு அதைப்போல் ஐம்பது மடங்கு கனம். ஆனாலும் மேலே விழும் வெயிலில் பெரும்பகுதியை இந்த மெல்லிய படலமே விழுங்கிவிடும்.

விழுங்கியதை மின்சாரமாக வெளியே எடுப்பதில்தான் சிக்கல். படலம் ஒரே படிகமாக அமைவதில்லை. எண்ணற்ற நுண்மணிகள் நெருக்கியடித்து நிற்கும். மணியும் மணியும் ஒட்டும் ஓரங்களில் அணுக்களின் வரிசை குலைந்திருக்கும். ஒளி கிளப்பிவிட்ட எலக்ட்ரான் அங்கே மாட்டிக்கொண்டால் மின்சாரம் போச்சு, வெறும் சூடுதான் மிச்சம்.

ஆகவே மணி பெரிதாக விளைய வேண்டும். கேளம்பாக்கம் உப்பளக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி: நீர் நிதானமாக வற்றினால் உப்புக்கல் பெரிது, அவசரப்பட்டால் பொடி. இங்கே நீருக்குப் பதில் ஆவி. ஆய்வகங்களில் காட்மியம் டெலுரைடைச் சூடாக்கி, சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் கண்ணாடியில் அதன் ஆவியைப் படியவைப்பது ஒரு வழி. கண்ணாடியின் சூட்டில்தான் சூட்சுமம். சூடு போதாவிட்டால் அணு விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். 500 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்தால் கொஞ்சம் நகர்ந்து, இடம் பார்த்து உட்காரும். இன்னும் ஏற்றினாலோ கண்ணாடி இளகும், படிந்ததும் திரும்ப ஆவியாகும்.

இவ்வளவு பக்குவம் பார்த்தும், வெளிவரும் சோலார் கலம் மந்தமாகத்தான் இருக்கும். காட்மியம் குளோரைடைப் பூசி 400 டிகிரி அளவில் சிறிது நேரம் சுட்டால் திறன் பல மடங்கு ஏறுகிறது. குளோரின் மணிகளின் ஓரங்களில் புகுந்து, எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் குறைகளை அடைக்கிறது. இந்தத் துறையிலேயே எனக்குப் பிடித்த விந்தை இதுதான்; கைப்பழக்கம் முதலில் வந்தது, காரணம் பல ஆண்டு கழித்தே துலங்கியது.

காட்மியம் குளோரைடு நீரில் கரையும் நஞ்சு. 2014இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜான் மேஜர் குழு, அதற்குப் பதில் மக்னீசியம் குளோரைடைப் பூசிப் பார்த்தது. திறன் குறையவில்லை. பாத்தியில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருக்கும் மலிவுச் சரக்கு அது!

வெயிலை மின்சாரமாக்கும் திறனில் ஆய்வகச் சாதனை இன்று 23 சதவிகிதத்தை ஒட்டி நிற்கிறது. கோட்பாட்டு எல்லையோ 30ஐத் தாண்டும். இழப்பில் பெரும்பங்கு மின்னழுத்தத்தில். அதை மீட்க, படலத்தில் இதுவரை சேர்த்துவந்த செம்பை விட்டு ஆர்சனிக்கைத் துளியளவு கலக்கிறார்கள். அதுவும் ஓரங்களில் தங்கிவிடாமல், மணிக்குள்ளே டெலுரியம் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார வேண்டும்.