ரீசெட்டுக்கு அப்புறம், எங்கே விட்டோம்னு எப்படித் தெரியும்?

இந்த எபிசோடை ஏற்காட்டிலிருந்து பதிவு செய்கிறேன். பின்னாடி கேட்கிறது மழை இல்லை, சில்வர் ஓக் மரத்தில் காத்து. மாமாவுக்கு இங்கே கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கு. போன வருஷம் அவருக்கு நானே ஒரு மழைமானி செய்து கொடுத்தேன். அது என்னை மூணு தடவை தோற்கடித்தது. இன்னைக்குப் பேசப்போறது அந்த மூணு தோல்வியைப் பத்தித்தான்.

மழை அளவு ஏன் முக்கியம்? மார்ச், ஏப்ரலில் பெய்கிற கோடை மழையில்தான் காபி மொட்டு விரியும். தோட்டக்காரர்கள் அதை ‘பிளாசம் ஷவர்’ என்பார்கள். ஒரு அங்குலத்துக்குக் கிட்டப் பெய்தால் நிம்மதி. குறைந்தால் டீசல் செலவு பார்க்காமல் ஸ்பிரிங்ளர் ஓட்டணும். அரைகுறையாக நனைந்தால் பூவும் அரைகுறைதான், அந்த வருஷ மகசூலும் அப்படித்தான்.

என் கருவி எளிமையானது. உள்ளே ஒரு சின்னத் தொட்டி. 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு முறை கவிழும். கவிழ்வதை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் எண்ணும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அன்றைய மொத்தத்தை ஜிஎஸ்எம் மாடம் வழியாக அனுப்பும். சோலார் பேனல், பேட்டரி, அவ்வளவுதான்.

முதல் நல்ல மழை வந்த அன்று என் கருவி 3.4 மில்லிமீட்டர் என்றது. மாமா முற்றத்தில் வைத்திருந்த அளவுக் குவளையில் 31. “என்ன கண்ணு, உன் மிஷினு மழை வந்தா மட்டும் தூங்கிடுதா?” என்றார்.

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. ஜிஎஸ்எம் மாடம் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மேகமூட்டத்தில் பேட்டரி பலவீனம். வோல்டேஜ் சட்டென்று இறங்கும், ப்ராசஸர் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். இதற்குப் பேர் பிரவுன்-அவுட். கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. எப்போது கணக்கு தேவையோ, அப்போதுதான் மறந்தது.

ரீசெட் என்பது இன்டரப்ட் இல்லை

இன்டரப்ட் வந்தால், திரும்பி வர வேண்டிய முகவரியை ப்ராசஸரே குறித்து வைக்கும். ரீசெட்டில் அந்த மரியாதை கிடையாது. ப்ரோகிராம் கவுன்டர் ஒரு நிலையான முகவரிக்குப் போய்விடும், ஸ்டாக் பாயின்டர் உட்பட மற்ற ரெஜிஸ்டர்களை நம்ப முடியாது. திரும்பி வரணும்னா முன்கூட்டியே நாமே சீட்டு எழுதி வைக்கணும்.

இதை உலகமே பார்த்த ஒரு கதை உண்டு. 1982-ல் வந்த இன்டெல் 80286, ரியல் மோடிலிருந்து ப்ரொடெக்டட் மோடுக்குப் போகும். திரும்பி வர வழியில்லை, ரீசெட் தவிர! அதனால் 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் கீபோர்டு கன்ட்ரோலரிடம் சொல்லி ப்ராசஸரை ரீசெட் செய்வார்கள். அதற்கு முன்னால் ஸ்டாக் பாயின்டரை மெமரியில் எழுதி, திரும்ப வேண்டிய முகவரியை பயாஸுக்குத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து, பேட்டரியில் வாழும் சிமோஸில் ஒரு பைட் குறிப்பு எழுதுவார்கள். ரீசெட்டுக்குப் பிறகு பயாஸ் முதலில் அந்தக் குறிப்பைப் பார்க்கும். இருந்தால் வழக்கமான சோதனைகளை விட்டுவிட்டு, சொன்ன முகவரிக்குத் தாவும். 1985-ல் 80386 வந்த பிறகு இந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை.

ஆனா ஒரு வித்தியாசம். அங்கே ரீசெட் திட்டமிட்டது. என் மழைமானிக்குச் சொல்லாமல் வருவது. கடைசி நிமிஷத்தில் ரெஜிஸ்டரைச் சேமிக்க நேரமில்லை. அப்போ என்ன செய்யலாம்? ஒவ்வொரு படியிலும் குறித்துக்கொண்டே போகணும். சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் பலகை இருக்குல்ல? “14 தாண்டிட்டோம்” என்று தெரிந்தால் போதும். வண்டி நின்றபோது ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருந்தது என்பது தேவையில்லை.

மூணு தோல்வி

ஒன்று: ரீசெட் ஆனதும் ரேம் அழிந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையில் வோல்டேஜ் ரொம்ப இறங்காதவரை ரேம் அப்படியே இருக்கும். அதைப் பூஜ்யமாக்கியது மெயின் ஃபங்ஷனுக்கு முன்னால் ஓடும் ஸ்டார்ட்-அப் கோடு. கணக்கை ‘நோ-இனிட்’ பகுதிக்கு மாற்றினேன், பிழைத்தது.

இரண்டு: ஒரு நாள் மழையே இல்லாமல் பல ஆயிரம் மில்லிமீட்டர் என்று செய்தி வந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் ரேமில் குப்பை, அதைக் கணக்கென்று நம்பிவிட்டது. ஆகவே தகவலோடு ஒரு செக்சம். எழுதும் நடுவிலேயே ரீசெட் ஆகலாம் என்பதால் இரண்டு பிரதி, மாறி மாறி. ஒன்று பாதியில் நின்றால் மற்றது காப்பாற்றும். மின்சாரமே போனாலும் இருக்க, ஃபிளாஷ் மெமரியில் மணிக்கு ஒரு நகல்.

மூன்று, இதுதான் ரொம்ப அவமானம். ‘அனுப்பிக்கொண்டிருந்தேன்’ என்ற நிலையையும் சேமித்திருந்தேன். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்: மாடத்தை இயக்கும், வோல்டேஜ் விழும், ரீசெட். மறுபடி எழும், மறுபடி அனுப்பும். ராத்திரி முழுக்க இதே. காலையில் பேட்டரி காலி. நிலையைக் காப்பாற்றினேன், கூடவே விழ வைத்த காரணத்தையும் காப்பாற்றியிருக்கேன்.

இப்போது எழுந்ததும் முதல் வேலை, ரீசெட் ஏன் வந்தது என்று கேட்பது. பெரும்பாலான சிப்களில் அதற்கென்று ஒரு ரெஜிஸ்டர் உண்டு. பிரவுன்-அவுட் என்றால் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளும், அனுப்பும் வேலையை மறந்துவிடும். பேட்டரி தேறும்வரை எண்ண மட்டும் செய்யும்.

நம்ம ஊர் சிப்பிலும் இதே கவலைதான். ஐஐடி மெட்ராஸும் இஸ்ரோவும் 2025 பிப்ரவரியில் அறிவித்த ஐரிஸ், சக்தி வரிசையைச் சேர்ந்த ரிஸ்க்-ஃபைவ் சிப், விண்வெளி வேலைக்கானது. அதில் வாட்ச்டாக் டைமர் உண்டு. ப்ரோகிராம் மாட்டிக்கொண்டால் ரீசெட் செய்துவிடும். ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி ரீசெட் காரணத்துக்கு எம்காஸ் ரெஜிஸ்டர் இருக்கு. பொதுவான ரெஜிஸ்டர்களில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலே போய் யாரும் பேட்டரியைக் கழற்றி மாட்ட முடியாது. எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்பதை தரையிலேயே முடிவு செய்யணும்.

இந்த ஏப்ரலில் மழை வந்தது. என் கருவி 27.4 என்றது, குவளையில் 28. மாமா ஸ்பிரிங்ளர் பைப்பை எடுக்கவே இல்லை. குவளையையும் முற்றத்திலிருந்து எடுக்கவில்லை. “அது பாட்டுக்கு இருக்கட்டும் கண்ணு” என்றார். அதுவும் இரண்டாவது பிரதிதானே!