ஓய்விலும் ஏறி இறங்கும் மின்னழுத்தம்

மாணவர்களே, மேசைக் கணிப்பொறியில் நீங்கள் எந்த வேலையும் செய்யாதபோது, அதன் செயலியின் மின்னழுத்தத்தைக் கண்காணிப்பு நிரல் ஒன்றின் வாயிலாகப் பார்த்ததுண்டா? 0.8 வோல்ட் என்று காட்டும், மறுகணமே 1.2 வோல்ட்டுக்குத் தாவும், மீண்டும் இறங்கும். செயலி பழுதாகிவிட்டது என்றெண்ணிப் புதிதாக ஒன்று வாங்க ஓடிவிடாதீர்கள்.

செயலியிலுள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நுண்ணிய மின்தேக்கிகளைப் போல மின்னூட்டம் பெறுவதும் இழப்பதுமாக இயங்குகின்றன. மின்தேக்கியில் சேரும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் அல்லவா? ஆகவே 1.2 வோல்ட்டை 0.8 வோல்ட்டாகக் குறைத்தால், ஆற்றல் செலவு 1.44க்கு 0.64 என்ற விகிதத்தில், அதாவது ஒன்பதில் நான்கு பங்காகக் குறைகிறது. அதிர்வெண்ணையும் 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தால், இவ்வழியில் செலவாகும் திறன் ஒன்பதில் ஒரு பங்கே! வெப்பமும் அதற்கேற்பக் குறையும். இன்டெல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மடிக்கணிப்பொறிச் செயலிகளில் கொண்டுவந்த 'ஸ்பீட்ஸ்டெப்' இத்தகைய முறையே. பின்னர் இது மேசைக் கணிப்பொறிகளுக்கும் வந்தது.

அப்படியானால் இடையிடையே ஏன் ஏறுகிறது? நீங்கள் ஓய்ந்திருந்தாலும் கணிப்பொறி ஓய்வதில்லை. பின்னணியில் சிறு சிறு வேலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. டிரான்சிஸ்டர்கள் விரைந்து இயங்க உயர்ந்த மின்னழுத்தம் தேவை. எனவே மின்னழுத்தம் சட்டென ஏறுகிறது. வேலை முடிந்ததும் இறங்கிவிடுகிறது. அதை அளக்கும் நிரலும் செயலியைத் தட்டி எழுப்புகிறது! சிறு கிண்ண நீரில் வெப்பமானியை வைத்தால், நீரின் வெப்பநிலையே சற்று மாறிவிடுவது போலத்தான் இதுவும்.

ஓய்வு நேரத்தின் இந்த ஏற்ற இறக்கம் நோயன்று, சிக்கனம். கடும் வேலையின்போது கணிப்பொறி தானாகவே அணைந்தால், அப்போது காரணத்தைத் தேடுங்கள்.