வேகம் சரி... பைசல் எப்போ?

'விநாடிக்கு 65,000 பரிவர்த்தனை! எங்க பிளாக்செயின்தான் ஃபாஸ்ட்!' - இப்படியொரு விளம்பரம் கண்ணில் பட்டால் உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். ஒரு நிமிஷம், இந்த பி.காம். ஆசாமி சொல்வதையும் கேளுங்கள்.

பிளாக்செயின் என்பது வேறொன்றுமில்லை, ஒரு பேரேடு. கடை முதலாளி தன் பேரேட்டை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார். இதற்கோ உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் காப்பி! எல்லாம் ஒரே கணக்கைச் சரிபார்த்து 'ஓகே' சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த இழுபறி.

2009-ல் பிறந்த பிட்காயின், சுமார் 10 நிமிஷத்துக்கு ஒரு பக்கம் எழுதும். விநாடிக்கு ஏறக்குறைய 7 பரிவர்த்தனை. ஆமை! எதீரியம், 12 விநாடிக்கு ஒரு பக்கம். 2020-ல் வந்த சொலானாவுக்கு அரை விநாடிகூட வேண்டாம். முயல்!

ரேஸ் முடிந்ததா? அதுதான் இல்லை ஸார். பாங்கில் செக் போட்டதும் சலானில் சீல் குத்திக் கொடுக்கிறார்கள். பணம் வந்துவிட்டதென்றா அர்த்தம்? க்ளியரிங் ஆகணுமே! இங்கேயும் அதே கதைதான். பிட்காயினில் பெரிய தொகை என்றால் 6 பக்கம் ஏறும்வரை, அதாவது சுமார் ஒரு மணி நேரம் பொறுப்பது வழக்கம். எதீரியத்தில் 'இனி அழிக்க முடியாது' என்று முத்திரை விழ 13 நிமிஷம் போல ஆகிறது.

முயலார் கணக்கில் இன்னொரு தமாஷ். சரிபார்க்கும் கம்ப்யூட்டர்கள் போடும் ஓட்டுகளும் பரிவர்த்தனை எண்ணிக்கையில் வெகுகாலம் சேர்ந்தே வந்தன. பந்தியில் சாப்பிட்டவர்களை எண்ணச் சொன்னால், பரிமாறியவர்களையும் சேர்த்து எண்ணின மாதிரி!

2021 செப்டம்பர் 14. ஒரு புது டோக்கன் விற்பனைக்கு வந்தது. தானாக இயங்கும் புரோகிராம்கள் முண்டியடித்து, விநாடிக்கு 4 லட்சம் வரை கொட்டின. சொலானா சுமார் 17 மணி நேரம் படுத்துவிட்டது. 2024 பிப்ரவரி 6-ல் மறுபடியும் சுமார் 5 மணி நேரம். அந்த நேரத்தில் அங்கே பணம் வைத்திருந்தவர், அதை இம்மியும் நகர்த்த முடியாது. உத்தமர் என்று பேரெடுத்த ஆமையாரும் 2013 மார்ச்சில் சறுக்கினார். ஒரு பேரேடு இரண்டாகப் பிரிந்து, எது நிஜம் என்று சில மணி நேரம் ஒரே குழப்பம்!

ஆகவே, 'விநாடிக்கு எத்தனை?' என்று கேட்காதீர்கள். இரண்டே கேள்வி போதும். 'பைசலாக எத்தனை நேரம்?' 'கடைசியாகப் படுத்தது எப்போது?'

பதில் சொல்ல விற்பவர் ஒரு விநாடிக்கு மேல் யோசித்தால்... பர்ஸ் பத்திரம்!