காரீயக்காரர்கள்

பிளம்பர் என்ற சொல்லை ஆங்கிலேயர்களைவிட நாம் முழுசாக உச்சரிக்கிறோம். அவர்கள் வாயில் அது 'பிளம்மர்'. நடுவிலுள்ள எழுத்து தாளில் மட்டும் இருக்கும், ஒலிக்காது. தமிழிலோ 'ம்'முக்குப் பின் வரும் 'ப' தானாகவே அதிர்ந்துவிடும். அந்த அதிர்வின் ஊர் ரோம். லத்தீனில் 'ப்ளும்பும்' என்றால் ஈயம். ஈய வேலை செய்பவர் 'ப்ளும்பாரியுஸ்'. பெயரில் தண்ணீரும் கிடையாது, குழாயும் கிடையாது. வேதியியல் வகுப்பில் ஈயத்தின் குறியீடு அதன் ஆங்கிலப் பெயரோடு ஒட்டாமல் நிற்கிறதே, அதற்கும் இந்தச் சொல்தான் காரணம்.

எந்த ஈயம் என்றும் சொல்லிவிட வேண்டும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். குழாயானது காரீயம், அது வேறு தனிமம், நச்சு உலோகம். ரோமானியர்களும் நம்மைப் போலவே ஒரே சொல்லோடு நிறத்தைச் சேர்த்து இரண்டையும் பிரித்தார்கள்: கறுப்பு ப்ளும்பும், வெள்ளை ப்ளும்பும்.

காரீயம் அவர்களுக்கு ஏறக்குறைய ஓசியில் கிடைத்தது. அவர்கள் தேடியது வெள்ளியை. வெள்ளி இருக்கும் தாதுவில் பெரும்பகுதி காரீயம்தான். வெள்ளி பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு பிடி வெள்ளிக்காக மலையைத் தோண்டியவர்கள் கையில் டன் கணக்கில் கறுப்பு உலோகம் மிஞ்சியது. வாள் செய்யலாமா? வளைந்துவிடும். அடுப்பில் வைக்கும் பாத்திரம்? 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், சாதாரண விறகுத் தீயே போதும். ஆனால் இந்தக் குறைகளையே வரிசையாக எழுதிப் பாருங்கள்: எளிதில் உருகும், கையால் வளைக்கலாம், கத்தியால் வெட்டலாம், இரும்பைப்போலத் துருப்பிடித்து உதிராது. குழாய் செய்யப்போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

குழாயை நேரடியாக வார்க்கவில்லை என்பதுதான் அழகு. உருகிய காரீயத்தைச் சமதளத்தில் ஊற்றித் தகடாக்குவார்கள். தகட்டைப் பட்டையாக வெட்டி, ஓர் உருளையைச் சுற்றி வளைப்பார்கள். இரு விளிம்புகளும் சந்திக்கும் இடத்தில் மறுபடி காரீயத்தை உருக்கி ஊற்றி மூடுவார்கள். அதனால் ரோமானியக் குழாயின் வாய் வட்டமாக இராது. ஒரு பக்கம் கூம்பிய நீர்த்துளி வடிவம். கி.மு. முதல் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், குழாயின் அளவைத் தகட்டின் அகலத்தை வைத்தே சொல்கிறார். ஐந்து விரல் அகலத் தகட்டில் செய்தது ஐந்துவிரல் குழாய், நூறு விரல் என்றால் நூறுவிரல் குழாய். பத்தடி நீளமுள்ள ஐந்துவிரல் குழாயின் எடை 60 ரோமானிய ராத்தல், நம் கணக்கில் சுமார் 20 கிலோ. இன்றைக்கு ஏறக்குறைய அதே பருமனுள்ள பிவிசி குழாய்களை ஒருவர் ஐந்தாறாகத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறிவிடுவார்.

பல குழாய்களின் முதுகில் எழுத்து பொறித்திருக்கிறது. பேரரசர் பெயர், வீட்டுக்காரர் பெயர், சிலவற்றில் செய்த கைவினைஞரின் பெயர். பூமிக்கடியில் போகிற பொருளில் எதற்குப் பெயர் என்று தோன்றும். தண்ணீர் உரிமை யாருக்கு என்பது ரோமில் சாதாரண விஷயமல்ல.

கி.பி. 97இல் ஃப்ரொன்டினுஸ் என்ற மூத்த அதிகாரி அந்த நகரின் நீர்வழங்கல் பொறுப்பை ஏற்றார். அப்போது ஒன்பது நீர்வழிகள் ரோமுக்குள் வந்துகொண்டிருந்தன. பராமரிக்க இரண்டு குழுக்களாக 700 பணியாளர்கள். அவர் எழுதி வைத்த கையேடு இன்றும் கிடைக்கிறது, அதில் பாதி கணக்கு, பாதி கோபம். நகருக்குள் வரும் நீருக்கும் கணக்கில் வழங்கப்படும் நீருக்கும் பெரிய இடைவெளி இருப்பதைப் பார்க்கிறார். எங்கே போகிறது? தெருவின் கல்தளத்துக்கு அடியில் பொதுக் குழாயில் துளை போட்டு, வழியிலிருந்த கடைகளுக்கும் தொழில்களுக்கும் திருட்டு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தது வேறு யாருமில்லை, துறையின் சொந்த ஆட்களே. தோண்டி எடுத்த திருட்டுக் குழாய்களிலிருந்து மட்டும் ஏராளமான காரீயம் திரும்பக் கிடைத்ததாக எழுதுகிறார்.

மென்மையான உலோகத்தின் தொல்லை இது: துளையை விரித்துக்கொள்ளலாம். இதற்கு ரோமானியர்கள் கண்ட வழி, தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய் கிளம்பும் இடத்தில் வெண்கல மூக்கு ஒன்றைப் பதிப்பது. வெண்கலம் காரீயத்தைப்போல வளைந்துகொடுக்காது. அளவு சரிபார்த்து முத்திரை குத்திய அந்த மூக்குதான் அக்காலத்துத் தண்ணீர் மீட்டர். அதிலும் ஒரு தந்திரம் உண்டு. மூக்கு சின்னதாக இருந்தாலும், அதற்கு அடுத்த குழாயை அகலமாக வைத்தால் விரியும் குழாய் நீரை உள்ளே இழுத்துக் கூடுதலாகக் கொடுக்கும். ஆகவே தொட்டியிலிருந்து ஐம்பதடி தூரத்துக்குக் குழாயை அகலமாக்கக் கூடாது என்று விதியே இருந்தது. பாய்மவியல், அதாவது நீரும் காற்றும் ஓடும் விதத்தைப் படிக்கும் அறிவியல், இந்த விளைவை விளக்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். திருடர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஃப்ரொன்டினுஸின் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அவர் குழாய் வாயின் பரப்பை மட்டுமே அளந்தார், நீர் ஓடும் வேகத்தை அளக்கவில்லை. அதனால் ரோமுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரோமின் நீர்வழிகள் பெரும்பாலும் மெல்லச் சரிந்து இறங்கும் கல் வாய்க்கால்கள்தாம். ஆழமான பள்ளத்தாக்கு குறுக்கிட்டால்? பிரான்சின் லியோன் நகருக்கு அருகே பொனான் என்ற இடத்தில் அதற்கு விடை இருக்கிறது. வாய்க்கால் நீரைத் தொட்டியில் நிரப்பி, வரிசையாகப் பல காரீயக் குழாய்கள் வழியே பள்ளத்தில் இறக்கினார்கள். எதிர்ச் சரிவில் அது தானே ஏறியது. நீர் தன் மட்டத்தைத் தேடும் என்ற ஒரே தத்துவம்தான், பம்பு கிடையாது. ஆனால் ஆழம் சுமார் 120 மீட்டர், நாற்பது மாடி உயரம். அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 12 கிலோ அழுத்தம், கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல ஐந்து மடங்கு. விளிம்பை உருக்கி ஒட்டிய குழாய்கள் அதைத் தாங்கின.

ரோம் போன பிறகும் தொழில் போகவில்லை. இங்கிலாந்தில் பிளம்பர் என்றால் தேவாலயக் கூரைக்குக் காரீயத் தகடு வேய்பவர், மழைநீர்த் தொட்டி செய்பவர், எடைக்கல் வார்ப்பவர். லண்டன் பிளம்பர்கள் 1365இலேயே தங்கள் சங்கத்துக்கு விதிமுறைகள் வைத்திருந்தார்கள். அவர்களின் மகுட வித்தை இரண்டு குழாய்களை இணைப்பது. இணைக்க உதவும் உலோகக் கலவைக்குப் பற்றாசு என்று பெயர். காரீயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232இல். இரண்டையும் கலந்தால் இரண்டையும்விடக் குறைவாக, 183 டிகிரி வரை முழுசாக உறையாமல் நிற்கும்! இரண்டு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்று கலந்தால் இன்னொரு அதிசயம்: சுமார் 250 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கி 183இல்தான் முழுசாக இறுகும். இடைப்பட்ட நேரத்தில் அது வெண்ணெய் பதத்தில் இருக்கும். பிளம்பர் ஒரு கையில் கரண்டியால் பற்றாசை ஊற்றிக்கொண்டே, மறுகையில் கொழுப்புத் தடவிய தடித்த பருத்தித் துணியால் அதை வழித்து, குழாயைச் சுற்றி மழமழப்பான புடைப்பாக உருட்டிவிடுவார். சூடு கொஞ்சம் ஏறினால் தரையில் வழியும், இறங்கினால் கட்டிதட்டும். இணைப்பைப் பார்த்தே ஆளின் தரத்தைச் சொல்லிவிடுவார்களாம்.

சரி, இந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் கதி? காரீயம் உடலுக்கு ஆகாது என்று விட்ருவியஸுக்கே தெரியும். காரீயத் தொழிலாளிகளின் முகம் வெளிறியிருப்பதைச் சுட்டிக்காட்டி, மண்குழாயே நல்லது என்கிறார். ரோமின் பழைய துறைமுக வண்டலை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, நகரின் குழாய் நீரில் காரீயம் ஊற்று நீரைப்போல 100 மடங்கு வரை இருந்திருக்கலாம், ஆனால் பெருங்கேடு விளைவிக்கும் அளவு அல்ல என்று சொல்கிறது. காப்பாற்றியவற்றில் ஒன்று நாம் திட்டித் தீர்க்கும் உப்புத் தண்ணீர். பக்கெட்டிலும் கீசரிலும் படியும் அதே சுண்ணாம்புப் பொருக்கு குழாயின் உட்புறத்தை மூடிவிட்டால், நீர் உலோகத்தைத் தொடுவது குறைந்துவிடும். தவிர, அங்கே நீர் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தது. காரீயம் ஊறித் தேங்க அவகாசமில்லை.

பொருக்கு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் காட்டியது. அங்கே புதிதாகக் காரீயக் குழாய் போடுவது 1986லிருந்தே சட்டப்படி தடை. பழையவை மண்ணுக்கடியில் இருந்தன. அவற்றின் உட்சுவரில் மெல்லிய படலம் வளரட்டும் என்று நீரில் மிகச் சிறிதளவு பாஸ்பேட் கலப்பது வழக்கம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நகரம் ஆற்று நீருக்கு மாறியது, பாஸ்பேட் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகப் படிந்த படலம் கரைந்து காரீயம் குழந்தைகளின் ரத்தம்வரை போனது. 2016 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் பல ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கான பிளம்பர்கள் கூலி வாங்காமல் வந்து, வீடு வீடாக வடிகட்டிகள் பொருத்தினார்கள். அந்த ஆண்டே தெருக்களைத் தோண்டிக் காரீயக் குழாய்களைப் பிடுங்கித் தாமிரக் குழாய்களைப் பதிக்கும் வேலையும் தொடங்கியது.