தொலைக்காட்சித் திரையில் கணினி விளையாட்டு: பிரிதிறன் தெரிவும் விளிம்பு மென்மையாக்கமும் (தாம்பரம் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடுவோர் பிரிதிறனை உயர்த்துவதையே முதன்மையாகக் கருதுகின்றனர். தென்சென்னைப் புறநகர் வீடுகளின் பார்வைத் தொலைவில் காட்சித் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது விளிம்பு மென்மையாக்கமே என்பதையும், தமிழ் எழுத்தின் தெளிவுக்காக இவ்விரு அமைப்புகளையும் தனித்தனியே கையாள வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிரிதிறன், படவணு, விளிம்பு மென்மையாக்கம், தொலைக்காட்சி, புள்ளி.

முன்னுரை

தமிழ்நாட்டரசு 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலக் குழாய்த் திரையை எளிய குடும்பங்களுக்கும் கொண்டுசேர்த்தது. அத்தகைய திரைகளில் 'டி.வி. கேம்' பெட்டியை இணைத்து ஆடிய தலைமுறை, இன்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பகுதி அடுக்ககங்களில் 43 அங்குலத் தட்டைத் திரையோடு கணினியை இணைக்கிறது. ரிச்சி தெருவில் வாங்கிய வரைகலை அட்டையை மின்சார ரயிலில் மடியில் வைத்துத் தாம்பரம் கொண்டுவருவோருக்கு, அதன் ஆற்றலை எதில் செலவிடுவது என்பது பணம் சார்ந்த வினாவுமாகும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. 'பிக்சல்' என்பதற்குப் படப்புள்ளி, படவணு என இருசொற்கள் வழங்குகின்றன. மெய்யெழுத்தின் புள்ளியும் இங்குப் பேசப்படுவதால் மயக்கம் தவிர்க்கப் படவணு என்பதே கையாளப்படுகிறது. 'ஆன்டி-அலையாசிங்' என்பதற்கு நிலைபெற்ற தமிழ்ச்சொல் இல்லாமையால் விளிம்பு மென்மையாக்கம் எனப்படுகிறது.

குழாய்த் திரையும் தட்டைத் திரையும்

இந்தியாவில் வழங்கிய 'பால்' முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றுள் காட்சிக்குரியவை 576. குழாயின் பின்னிருந்து பாயும் கதிர் திரையில் இட்ட ஒளித்துளிக்குக் கூரிய எல்லை இல்லை. ஆகவே சாய்கோட்டின் படிக்கட்டு வடிவம் தானாகவே கரைந்தது. குழாய்த் திரையின் மங்கலே ஒருவகை மென்மையாக்கமாக இயங்கியது எனலாம்.

தட்டைத் திரையில் படவணுக்களின் எண்ணிக்கை மாறாதது. ஒவ்வொன்றின் எல்லையும் கூரியது. அந்த எண்ணிக்கைக்குப் பொருந்தாத படத்தை அனுப்பினால் தொலைக்காட்சி அதை இழுத்தோ சுருக்கியோ பொருத்துகிறது. 32 அங்குலத் திரைகள் பலவற்றில் 1366×768 படவணுக்களே உள்ளன. கணினி வழக்கமாக அனுப்பும் 1280×720, 1920×1080 ஆகிய இரண்டும் அதற்குப் பொருந்துவதில்லை. மேலும், குழாய்க் காலத்தில் படத்தின் ஓரங்களை மறைத்த வழக்கம் தட்டைத் திரைகளிலும் தொடர்கிறது. ஓரத்தை வெட்டி எஞ்சியதைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு படவணுவும் இடம்பெயரும். இதனை நிறுத்தும் தெரிவு 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' முதலிய பெயர்களில் தொலைக்காட்சியின் பட அமைப்பில் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் விளையாட்டின் அமைப்புகளை மாற்றுவதில் பயனில்லை.

கண்ணின் இருவகைக் கூர்மை

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் இருக்கைக்கும் சுவரில் மாட்டிய திரைக்கும் இடையே ஏறத்தாழ எட்டடி, அதாவது 2.4 மீட்டர், எனக் கொள்ளலாம். 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. அதில் 1920×1080 எனில் ஒரு படவணு 0.5 மி.மீ.; 3840×2160 எனில் 0.25 மி.மீ. எட்டடியில் இவை கண்ணில் ஏற்படுத்தும் கோணம் முறையே ஏறத்தாழ 43, 21 வில்நொடிகள். இயல்பான பார்வை இரு புள்ளிகளைப் பிரித்தறிய வேண்டிய கோணம் 60 வில்நொடி. எனவே அந்த இருக்கையிலிருந்து 1080 வரிசைத் திரையிலேயே படவணு தனித்துத் தெரியாது.

அவ்வாறாயின் படிக்கட்டு விளிம்பு ஏன் தெரிகிறது? ஒரு கோடு மற்றொரு கோட்டிலிருந்து விலகியிருப்பதை உணரும் கூர்மை வேறானது. அது பத்து வில்நொடிக்கும் குறைவான விலகலைக் காணவல்லது. வெர்னியர் அளவியின் கோடுகளைப் பொருத்திப் படிக்க முடிவது இதனாலேயே. 43 வில்நொடிப் படியும் 21 வில்நொடிப் படியும் இந்த எல்லைக்கு மேற்பட்டவை. படம் அசையும்போது படிகள் விளிம்பில் ஊர்வதால் மேலும் துலங்கித் தெரிகின்றன. நான்கு மடங்கு படவணுக்களை வரைந்தாலும் படி பாதியாகக் குறையுமே ஒழிய மறைவதில்லை.

செலவோ பெரிது. 1080 வரிசையில் ஒரு படத்துக்கு 20,73,600 படவணுக்கள். 2160 வரிசையில் 82,94,400. 2019இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற அட்டை இச்சுமையோடு நொடிக்கு 60 படங்களைப் புதிய விளையாட்டுகளில் எட்டுவது அரிது. மீனம்பாக்கத்தில் 40 பாகை பதிவாகும் மே மாதத்தில் அட்டையின் விசிறி எழுப்பும் இரைச்சலும் இக்கணக்கில் சேரும்.

மென்மையாக்க முறைகள்

பிராங்க்ளின் குரோ 1977இல் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலைத் தெளிவாக வரையறுத்தது: தொடர்ச்சியான வடிவத்தை இடைவெளி விட்டு மாதிரி எடுப்பதால் பிழை தோன்றுகிறது, எனவே மாதிரிகளைக் கூட்டிச் சராசரி காணவேண்டும். படம் முழுவதையும் பெரிதாக வரைந்து சுருக்கும் முறை இதன் நேர்வடிவம், செலவு மிகுந்தது. 'எம்.எஸ்.ஏ.ஏ.' உருவங்களின் விளிம்பில் மட்டும் மாதிரிகளைக் கூட்டுகிறது. தென்னங்கீற்று, கம்பிவலை போல ஒளிபுகு ஓவியமாக வரையப்பட்டவற்றை அது பொதுவாகத் தொடுவதில்லை. 'எஃப்.எக்ஸ்.ஏ.ஏ.' முடிந்த படத்தில் வேறுபாடு மிகுந்த இடங்களைத் தேடிக் கரைக்கிறது. மலிவானது, ஆனால் மங்கலானது. 'டி.ஏ.ஏ.' முந்தைய படங்களின் மாதிரிகளையும் சேர்ப்பதால் ஊர்தலை அடக்குகிறது; விலையாக, சிறிது மங்கலும் விரைந்து நகரும் பொருளின் பின்னே நிழல்தடமும் தருகிறது.

மேசைக் கணினியில் இரண்டடித் தொலைவில் அமர்பவர் இம்மங்கலை வெறுப்பது நியாயமே. எட்டடியில் அம்மங்கலின் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாது, ஊர்தலோ எட்டும். ஆதலின் மேசைக்கென எழுதப்பட்ட பரிந்துரைகளைக் கூடத்துத் திரைக்கு அப்படியே கொள்வது பொருந்தாது.

எழுத்தும் புள்ளியும்

இதுவரை கூறியது காட்சிக்கு. எழுத்துக்குரிய விதி வேறு. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு தமிழையும் மொழித் தெரிவாகத் தருகிறது. விளையாட்டின் நடுவே தோன்றும் தமிழ்க் குறுஞ்செய்திகளும் உண்டு. இருபது படவணு உயரமுள்ள எழுத்தில் மெய்ப்புள்ளிக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோ. வரைகலை அட்டையின் கட்டுப்பாட்டு மென்பொருள் வழியாக எஃப்.எக்ஸ்.ஏ.ஏ.யைத் திணித்தால் அது எழுத்தையும் சேர்த்தே கரைக்கும். 'நில்' என்பது 'நில' ஆகும். ணகர னகரச் சுழிகளும் ஒன்றில் ஒன்று கலக்கும். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளைப் படித்துப் பழகியவர் சூழலால் உய்த்துணரலாம். விரைந்து மறையும் கட்டளையில் அதற்கு நேரமில்லை.

தொலைக்காட்சியும் இதில் பங்கேற்கிறது. காணொளிக்கென நிறத்தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கும் '4:2:0' முறையில், நீலப் பின்னணியில் அமைந்த சிவப்பு எழுத்து கசியும். சாம்சங், எல்.ஜி. திரைகளில் உள்ளீட்டிற்குப் 'பி.சி.' எனப் பெயரிட்டால் நிறம் முழுமையாகக் காட்டப்படும். கூர்மை அளவை மிகுதியாக்கினால் புள்ளியைச் சுற்றி வெண்வளையம் தோன்றும். அதைக் குறைப்பதே நன்று.

ஆகவே அமைக்கும் முறை இவ்வாறு அமையும். கணினியின் வெளியீட்டைத் திரையின் இயல்பான எண்ணிக்கையிலேயே வைத்தல் வேண்டும். விளையாட்டினுள் 'ரெண்டர் ஸ்கேல்' எனும் வரைவளவை மட்டும் குறைத்தல் வேண்டும். 2160 வரிசைத் திரையில் இதனை 70 விழுக்காடாக்கினால் வரையப்படும் படவணுக்கள் ஏறத்தாழ பாதியாகும். இவ்வமைப்பைத் தரும் பெரும்பாலான விளையாட்டுகளில் எழுத்தும் குறிகளும் முழுப் பிரிதிறனிலேயே நிற்கும். அத்துடன் விளையாட்டினுள் உள்ள டி.ஏ.ஏ.யை இயக்கலாம். ஏ.எம்.டி.யின் 'எஃப்.எஸ்.ஆர்.' இருந்தால் அதனையும் பயன்படுத்தலாம், 'டி.எல்.எஸ்.எஸ்.' ஆர்.டி.எக்ஸ். வகை அட்டைகளுக்கே உரியது. இவ்வசதி இல்லாத பழைய விளையாட்டாயின் 1080 வரிசையை அனுப்பி, கிடைக்கும் உயரிய எம்.எஸ்.ஏ.ஏ.யைத் தெரிவது தகும். இறுதியில், மெய்யெழுத்து மிகுந்த தமிழ்த் தொடர் ஒன்றைத் திரையில் இட்டு, திரையருகே நின்று நோக்காமல், வழக்கமாக அமரும் இருக்கையிலிருந்து புள்ளிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.